நின்ற எஞ்சினும் நிலைத்த நெஞ்சமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் குழந்தைகளின் நடனமும் காணவே நாம் கூடுகின்றோம். அவற்றுக்கிடையே அறிவியல் பற்றிய பேச்சு ஒன்றும் இடம் பெறுதல் வேண்டும் என்று நம் செயற்குழுவினர் விரும்பினர். விமானப் பராமரிப்புத் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற ஒரு தகுதி பற்றி அப்பணியை என்னிடம் ஒப்படைத்தனர். தம் கைகளாலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கும் மனிதர்களைப் பற்றியும், அவ்விமானத்தின் எஞ்சின் நடுவானில் நின்றுவிட்டால் என்ன நேரும், என்ன செய்தல் வேண்டும் என்பது பற்றியும் சில சொல்ல விழைகின்றேன். நம் காலனிப் பிள்ளைகளுள் பொறியியல் பயில்வோர் பலர். அவர்களுக்கு இப்பொருள் பயன்படும் என்பது என் நம்பிக்கை.

விமானத்தை வீட்டில் கட்டுவதா என்று சிலர் வியப்புறலாம். எண்ணிப் பார்த்தால், உலகின் முதல் விமானமே அவ்வாறு பிறந்ததுதான். 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடிகளில் 120 அடி தூரம் பறந்து காட்டிய ரைட் சகோதரர்கள், டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களுக்கு அரசின் பொருளுதவியும் இல்லை. பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. விமானத்துக்கு உரிய எஞ்சினையும் தம் கடையில் பணிபுரிந்த சார்லஸ் டெய்லரைக் கொண்டே செய்துகொண்டனர்.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர் ஒரு விமானத்தைத் தாமே வகுத்தமைத்தார். கோச்சு வண்டிகள் செய்வதில் பேர்பெற்ற சிம்ப்சன் கம்பெனியார் அதனைக் கட்டிக் கொடுத்தனர். 1910ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, தீவுத் திடலில் பொதுமக்கள் காணவும் அவர் அதனைப் பறக்கவிட்டார்.

1953இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பால் போபெரெஸ்னி என்பார் தாமே விமானம் கட்டுவோருக்கென ‘எக்ஸ்பெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். சிலராய்க் கூடித் தொடங்கிய அது, இன்று உலகெங்கும் கிளைபரப்பியுள்ளது. நம் நாட்டிலும் மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, தாம் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரக்கூடிய விமானம் ஒன்றைப் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டினார். 2016இல் அது பொதுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017இல் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் பதிவும் அதற்குக் கிடைத்தது.

ஆகவே இது வெறும் கனவன்று. மனிதர் செய்திருக்கின்றனர், இனியும் செய்வர். ஆயினும், பிள்ளை ஒருவன் இவ்வாசையை வீட்டில் கூறினால், தாய் கேட்கும் முதல் வினா, “எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும்?” என்பதாகவே இருக்கும். அவ்வினா நியாயமானது. அதற்கு மழுப்பாமல் விடை கூறுதல் வேண்டும்.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப் போல விழும் என்று பலர் கருதுகின்றனர். அது தவறான கருத்து. உச்சி வேளையில் வானில் வட்டமிடும் பருந்தைப் பாருங்கள். அது நெடுநேரம் இறக்கையை அடிப்பதில்லை. விமானத்தைத் தாங்குவதும் இறக்கையே. இறக்கைமீது காற்று போதிய வேகத்துடன் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அது விமானத்தைத் தாங்கும். எஞ்சின் அவ்வேகத்தைக் கொடுக்கின்றது. எஞ்சின் ஓய்ந்தால், மூக்கைச் சற்றே தாழ்த்தி, உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு அதே வேகத்தைப் பெறலாம். மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிளுக்கு மிதிக்க வேண்டிய தேவை இல்லை அன்றோ? அதுபோன்றதே இதுவும். ரைட் சகோதரர்கள் 1900 முதல் 1902 வரையில் எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களிலேயே பழகினர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். எஞ்சினின்றிப் பறக்கக் கற்ற பின்னரே அவர்கள் எஞ்சினைப் பொருத்தினர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். சிறு விமானம் ஒன்று ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே செல்லும் என்று கொள்வோம். 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், காற்றில்லாத நாளில் அது சற்றேறக்குறைய 5 மைல் மிதந்து செல்லும். நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்குவதாயின், விமானிக்கு நான்கு நிமிடத்துக்கும் சற்று மேலான காலம் உண்டு. 500 அடி உயரத்தில் நின்றாலோ முக்கால் நிமிடத்துக்கும் குறைவான காலமே உண்டு. நான் சொல்ல வந்த செய்தி முழுவதும் இக்கணக்கில் அடங்கியிருக்கின்றது. அந்த நிமிடங்கள் செயலுக்கு உரியவை. ஆராய்ச்சிக்கு உரியவை அல்ல. ஆராய வேண்டியவற்றையெல்லாம் தரையில் நிற்கும்போதே ஆராய்ந்து முடித்திருத்தல் வேண்டும்.

எஞ்சின் ஏன் நிற்கின்றது? பெரும்பாலும் பெட்ரோல் பற்றிய காரணங்களே முன்னிற்கின்றன. பெட்ரோல் முற்றிலும் தீர்ந்துபோதல் ஒன்று. தொட்டியில் பெட்ரோல் இருந்தும் எஞ்சினை வந்து சேராதிருத்தல் மற்றொன்று. குளிர்ந்த இரவில் தொட்டிக்குள் ஈரம் படிந்து நீராகி அடியில் தங்கிவிடும். ஆகவேதான் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு தொட்டியின் தாழ்ந்த மூலையிலிருந்து சிறிதளவு பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கின்றோம். புதிதாகக் கட்டிய தொட்டியில், ஒட்டுப்பசையின் துணுக்குகள் உதிர்ந்து வடிகட்டியை அடைப்பதும் உண்டு. பெட்ரோல் செல்லும் குழாயைச் சூடான புகைக்குழாய்க்கு அருகில் கொண்டு சென்றால், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகித் தடைப்படும். தொட்டிக்குக் காற்று செல்லும் சிறு துளையில் குளவி மண்கூடு கட்டிவிடுவதும் உண்டு. காற்று உட்புகாவிடின் பெட்ரோல் வெளிவராது. ஒரு குளவி ஒரு விமானத்தை வீழ்த்தக்கூடும் என்பது கதையன்று.

மற்றொரு காரணம் கேட்பதற்கு விந்தையாக இருக்கும். கார்புரேட்டரின் குறுகிய வாயில் பெட்ரோல் ஆவியாகும்போது அங்குள்ள காற்று மிகவும் குளிர்ந்து போகின்றது. வெளியே 20 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும் இதமான நாளிலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், அவ்விடத்தில் பனிக்கட்டி உறைந்து எஞ்சினின் மூச்சை அடைத்துவிடும். இதற்கெனவே சூடான காற்றைச் செலுத்தும் கைப்பிடி ஒன்று விமானி அறையில் அமைந்துள்ளது. உரிய காலத்தில் அதனை இழுக்கத் தெரிந்தவனுக்குத் துன்பம் இல்லை.

இனி, எஞ்சின் நின்றபின் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். முதற்கடமை, வேகத்தைக் காத்தல். விமானம் எந்த வேகத்தில் மிக நெடுந்தொலைவு மிதக்குமோ அந்த வேகத்துக்கு உடனே மூக்கைத் தாழ்த்துதல் வேண்டும். மனித மனம் இதற்கு நேர்மாறாகத் தூண்டும். தரை நெருங்கி வருகின்றதே என்று அஞ்சி மூக்கை மேலே இழுக்கச் சொல்லும். அவ்வாறு இழுத்தால் வேகம் குறைந்து, காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து, தாங்கும் சக்தி திடீரென்று அற்றுப்போகும். அப்போதுதான் விமானம் உண்மையில் விழுகின்றது. எஞ்சின் நின்றதனால் இறந்தவர் என்று நாம் எண்ணுவோருள் பலர் இந்த அச்சத்தினால் இறந்தவர்களே.

இரண்டாவது கடமை, இறங்கும் இடத்தைத் தேர்ந்து அதில் உறுதியாக நிற்றல். அறுவடை முடிந்த வயல் நன்று. உழுத நிலமாயின் சால்களின் போக்கிலேயே இறங்க வேண்டும். குறுக்கே இறங்கின் சக்கரம் புதைந்து கவிழும். மின்கம்பிகள் மேலிருந்து கண்ணுக்குத் தெரியமாட்டா. கம்பங்களின் வரிசையைக் கண்டு, இடையே கம்பி உண்டு என்று அறிய வேண்டும். இவ்விரண்டும் ஆனபின், காலம் இருந்தால்தான் மூன்றாவது கடமையாகிய எஞ்சினை மீண்டும் இயக்கும் முயற்சி. பெட்ரோல் தொட்டியை மாற்றுதல், கார்புரேட்டருக்குச் சூடான காற்றைக் கொடுத்தல் முதலியவை அதில் அடங்கும். எஞ்சின் உயிர் பெறாதாயின், தரையைத் தொடுமுன் பெட்ரோலையும் மின்சாரத்தையும் நிறுத்தி, இடுப்புவாரை இறுக்கி, கதவின் தாழை நீக்கிவிட வேண்டும்.

மேலெழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றுவிடுவதே மிகக் கொடிய சோதனை. பின்னால் அழகிய ஓடுதளம் இருக்கின்றது. முன்னால் வயலும் புதரும் இருக்கின்றன. திரும்பிவிடலாம் என்று மனம் துடிக்கும். திரும்புவது பாதி வட்டம் மட்டுமன்று. ஓடுதளத்தின் நேர்க்கோட்டுக்கு மீண்டும் வருவதற்கு அதற்கு மேலும் திரும்ப வேண்டும். விரைந்து திரும்ப விமானத்தை 45 பாகை சாய்த்தால், அது தாங்குதல் இழக்கும் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். 60 பாகை சாய்த்தால் ஐந்தில் இரு பங்கு உயரும். வேகம் குறைந்துகொண்டே வர, தேவைப்படும் வேகமோ கூடிக்கொண்டே போகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் விமானம் கைவிட்டுப் போகும். ஆகவே, குறைந்த உயரத்தில் நேராகவோ சிறிது இடவலமாகவோ இறங்குதலே அறிவுடைமை என்று பயிற்சி நூல்கள் ஒருமுகமாகக் கூறுகின்றன.

நேரே இறங்கினால் விமானம் உடையுமே என்று கேட்கலாம். உடையட்டும்! இங்கும் கணக்கே துணை. மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் விமானம் சீராக வேகம் தணிந்து ஒன்பதரை அடி தூரத்தில் நிற்குமாயின், உள்ளிருப்பவன் தன் எடையைப் போல ஒன்பது மடங்கு விசையையே தாங்க வேண்டியிருக்கும். வாரினால் நன்கு கட்டப்பட்ட உடல் அதனைத் தாங்கவல்லது. அந்த ஒன்பதரை அடியை இறக்கைகளும் சக்கரங்களும் நொறுங்கிக் கொடுத்தாலும் குற்றமில்லை. வேகம் இருமடங்கானால் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். எதிர்க்காற்றை நோக்கி இறங்குதல் ஏன் என்பதும் இதனால் விளங்கும். 50 மைல் வேகத்தில் மிதக்கும் விமானம் 10 மைல் காற்றை எதிர்த்து இறங்கினால் தரையை 40 மைல் வேகத்தில் தொடும்; காற்றோடு சேர்ந்து இறங்கினால் 60 மைல் வேகத்தில் மோதும். மோதலின் ஆற்றல் இருமடங்குக்கும் மேலாகும்.

இவற்றை விளக்க, ஒரே வடிவமைப்பாளர் வகுத்த இரண்டு விமானங்களின் வரலாற்றைக் கூறுகின்றேன். பர்ட் ருட்டான் என்ற அமெரிக்கர் தாமே கட்டுவோருக்காகப் பல விமானங்களை வகுத்தவர். அவர் வகுத்த வாயேஜர் என்ற விமானம், மொஹாவி பாலைநிலத்தில் ஒரு சிறு குழுவினரால் கட்டப்பட்டது. 1986 டிசம்பர் 14இல் அவருடைய தமையனார் டிக் ருட்டானும் ஜீனா யேகர் என்ற பெண்மணியும் அதில் ஏறி, இடையில் எங்கும் இறங்காமலும் பெட்ரோல் நிரப்பாமலும் உலகைச் சுற்றி, டிசம்பர் 23இல் திரும்பினர். திரும்பும் நாளின் விடியலுக்கு முன்பு, மெக்சிகோவின் கரைக்கு அப்பால், பெட்ரோல் வராமல் பின்புற எஞ்சின் நின்றுவிட்டது. சிக்கனத்துக்காக முன்புற எஞ்சினை அவர்கள் முன்னரே நிறுத்தியிருந்தனர். இருளில், கடலின்மேல், இரண்டு எஞ்சின்களும் ஓய்ந்த நிலையில் வாயேஜர் பல ஆயிரம் அடி மிதந்து இறங்கியது. கீழே கடல் காத்திருந்தது. அவர்கள் விமானத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே முன்புற எஞ்சினை உயிர்ப்பித்தனர். உயரம் இருந்தது, 110 அடி அகன்ற இறக்கை இருந்தது, பல நாள் உறக்கமின்றிக் களைத்தும் கலங்காத நெஞ்சம் இருந்தது.

அதே ருட்டான் வகுத்த மற்றொரு சிறு விமானத்தின் பெயர் லாங் ஈஸி. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் கடற்கரை ஓரமாக அதில் ஒருவராகப் பறந்த புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர், கடலில் வீழ்ந்து உயிர் நீத்தார். அவர் அந்த விமானத்தைக் கட்டியவரல்லர். வேறொருவர் கட்டியதை அண்மையில் வாங்கியவர். வடிவமைப்பாளர் வரைந்த படத்தில், தொட்டிகளை மாற்றும் திருகு விமானியின் முன்னால், கால்களுக்கிடையே, கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்தது. பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வருதல் ஆகாது என்று கருதிக் கட்டியவர், அதனை விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் அமைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்ற குறியும் அதில் இல்லை. பெட்ரோலின் அளவைக் காட்டும் கண்ணாடிகளிலும் அளவுக்குறிகள் இல்லை. அன்று புறப்படுமுன் பெட்ரோல் நிரப்பப்படவும் இல்லை. தாழ்வாகப் பறக்கையில், திருகைப் பிடிக்க உடலைத் திருப்பியபோது, அறியாமல் கால் வலப்புற மிதியை அழுத்த, விமானம் கட்டுக்கடங்காமல் போயிற்று என்று அமெரிக்க விசாரணை வாரியம் முடிவு கூறியது. அந்த விமானத்தில் போதிய பழக்கம் பெறாமையையும் வாரியம் காரணங்களுள் ஒன்றாகக் காட்டிற்று.

அன்பர்களே, இதனை ஆழ்ந்து சிந்தியுங்கள். அத்திருகை இடம் மாற்றியவர் தீயவரல்லர். தீ விபத்தைத் தவிர்க்கவே எண்ணினார். ஆனால் பட்டறையில் அமைதியாக நின்று செய்த அம்மாற்றம், பல ஆண்டுகள் கழித்து, முன்பின் அறியாத ஒருவரின் கடைசி விநாடிகளைத் தீர்மானித்துவிட்டது. கருவி செய்பவன், அதனை அமைதியில் பயன்படுத்துவோனை மட்டும் எண்ணுதல் போதாது. அச்சத்தில், அவசரத்தில், ஒரே கையால் பயன்படுத்துவோனையும் எண்ணுதல் வேண்டும். விமானத்துக்கு மட்டுமன்று, நம் அடுக்களையில் உள்ள காஸ் அடுப்பின் திருகுக்கும் மாடிப்படியின் விளக்குச் சுவிட்சுக்கும் இவ்விதி பொருந்தும்.

அதே வாரியம், தாமே கட்டும் விமானங்களைப் பற்றி 2012இல் விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டது. எஞ்சின் கோளாறும், விமானம் கட்டுப்பாட்டை இழத்தலும் இவ்வகை விபத்துகளில் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று அது கண்டது. ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு விபத்துகளில் பாதிக்கும் மேற்பட்டவை, பிறர் கட்டியதை விலைக்கு வாங்கியவர்களின் விமானங்களில் நேர்ந்தவை. கட்டியவன் தன் விமானத்தின் ஒவ்வொரு திருகையும் அறிவான். வாங்கியவனுக்கு அவ்வறிவு விலையோடு சேர்ந்து வருவதில்லை. அதனைத் தனியே உழைத்துப் பெறுதல் வேண்டும்.

கட்டியவனுக்கோ வேறொரு அபாயம் உண்டு. அதன் பெயர் பற்று. விடுமுறை நாட்களையும் இரவுகளையும் ஈந்து, வீட்டுச் செலவைச் சுருக்கி, பல ஆண்டுகள் பாடுபட்டு ஒருவன் ஒரு விமானத்தைக் கட்டுகின்றான். அது அவனுக்கு உலோகமும் மரமும் அன்று. பெற்ற பிள்ளைக்கு ஒப்பானது. எஞ்சின் நின்ற அந்த விநாடியில், “வயலில் இறக்கினால் என் விமானம் சிதையுமே, எப்படியாவது ஓடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம்” என்று அப்பற்று பேசும். அக்குரலுக்குச் செவிசாய்த்தவன் விமானத்தையும் இழப்பான், தன்னையும் இழப்பான். எஞ்சின் நின்ற மறுவிநாடியே அவ்விமானம் அவனுடைய உழைப்பின் பரிசு அன்று. அவன் உடலைத் தரைக்குக் கொண்டு சேர்க்கும் கூடு மட்டுமே. தன் கையால் ஆக்கியதைத் தன் கையாலேயே உடையவிடும் துணிவு, ஆக்கும் திறனினும் அரியது. அத்துணிவை வானில் சென்று தேட முடியாது. முதல் ஆணியை அடிக்கும் நாளிலேயே, “வேண்டிய நேரத்தில் இதனைக் கைவிடுவேன்” என்று உறுதி பூணுதல் வேண்டும்.

அமெரிக்க விதிகள் இவ்வுண்மையை உணர்ந்தே அமைந்துள்ளன. விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுவோர் தாமே கட்டியிருத்தல் வேண்டும். அதுவும் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ இருத்தல் வேண்டும். ‘பரிசோதனைக்குரியது’ என்ற சொல் ஏறும் வாயிலருகே கண்ணில் படுமாறு எழுதப்பட்டிருக்கும். கட்டி முடித்தபின், வழக்கமாக 25 அல்லது 40 மணிநேரம், மக்கள் நெருங்கி வாழாத வரையறுத்த பகுதியில் பயணி எவரையும் ஏற்றாமல் சோதித்துப் பறத்தல் முறை. மனைவி மக்களை ஏற்றி மகிழும் நாள் அதற்குப் பின்னரே வரும். நம் நாட்டிலும் உரிய பதிவும் அனுமதியும் இன்றி எவரும் பறத்தல் ஆகாது. இளைஞர்கள் சிலர் விதிகளைத் தடை என்று எண்ணுகின்றனர். அவ்விதிகள் பலவும், முன்னே சென்றவர்கள் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடங்கள்.

வெள்ளம் வருமுன் அணைபோடு என்பது நம் முன்னோர் வாக்கு. நல்ல விமானி ஒவ்வொரு முறை எழுமுன்னும் தனக்குத்தானே வாய்விட்டுக் கூறிக்கொள்கின்றான்: இந்த உயரத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் நேரே இறங்குவேன், அந்த வயலில் இறங்குவேன், திரும்பேன். நூறு முறை கூறி நூறு முறையும் அது தேவைப்படாது போகலாம். நூற்றோராவது முறை தேவைப்படும்போது, அவன் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. எடுத்த முடிவை நிறைவேற்றினால் போதும்.

சொந்த ஊரையும் உறவினரையும் விட்டு, பிறமொழி வழங்கும் இந்நகரில் வந்து வாழும் நமக்கு, இப்பாடம் அயலானதன்று. வருமானம் திடீரென்று நிற்கலாம், உடல்நலம் நிற்கலாம், வேலையே நிற்கலாம். அந்நாளில் எதைக் காப்பது, எதை விடுவது என்பதை நல்ல நாளிலேயே குடும்பத்தோடு அமர்ந்து பேசி வைத்திருப்போர், கௌரவத்தைக் காப்பதாக எண்ணிக் குடும்பத்தை இழக்கமாட்டார்கள்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை விமானம் கட்டுவேன் என்றால் அஞ்சி அவனைத் தடுத்துவிடாதீர்கள். கட்டு என்று சொல்லுங்கள். கூடவே, எஞ்சின் நின்றால் என்ன செய்வாய் என்றும் கேளுங்கள். தெளிவான விடை வரும் வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள். இளைஞர்களே, அவ்வினாவைத் தடையாகக் கொள்ளாதீர்கள். அதற்குத் தரையில் நின்று விடை கண்டவனையே வானம் பத்திரமாகத் திருப்பி அனுப்புகின்றது.